தூண்டில் கடையில் திணறாமல் இருக்க: முள்ளிலிருந்து ரீல் வரை

தூண்டில் சாமான் விற்கும் கடையில் "எத்தனாம் நம்பர் முள், எத்தனை பவுண்டு நரம்பு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நரம்பு என்றால் முள்ளைக் கட்டும் தூண்டில் இழை. முள்ளில் ஆரம்பித்து மேலே ரீல் (நரம்பைச் சுற்றி வைக்கும் சுழல் கருவி) வரை வரிசையாகப் பார்த்துவிட்டால் பதில் சொல்வது சுலபம். சாமான் இருந்தால் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முள்: நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும், அதாவது 12-ஐ விட 6 பெரியது. 1 வரை வந்தபின் கணக்கு திரும்பிவிடும். 1/0, 2/0, 3/0 என்று போகப்போகப் பெரிதாகும். குளத்துக் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 8 அல்லது 10 போதும்.

2. நரம்பு: 10 பவுண்டு என்றால் சுமார் 4.5 கிலோ இழுப்பு வரை தாங்கும். மோனோ ஒற்றை இழை, கொஞ்சம் நீண்டு கொடுக்கும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுதான் நல்லது. பிரெய்டு பல இழை பின்னியது. நீளாது என்பதால் மீன் லேசாகக் கொத்தினாலும் கைக்குத் தெரியும், ஆனால் கல்லில் உரசினால் சீக்கிரம் அறும், அதனால்தான் முனையில் கொஞ்சம் தடித்த மோனோ சேர்த்துக் கட்டுகிறார்கள். அதன் பெயர் லீடர்.

3. முடிச்சு: முள்ளின் காதில் நரம்பை நுழைத்து, நுனியை மீதி நரம்பைச் சுற்றி ஐந்தாறு முறை முறுக்கி, காதுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வளையத்தில் நுனியை விட்டு, அப்படி வரும் பெரிய வளையத்திலும் ஒருமுறை நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் சூடேறி நரம்பு பலவீனமாகும்.

4. தக்கை, ஈயம்: தக்கை மிதந்து கொத்தைக் காட்டும், ஈயம் இரையை கீழே இறக்கும். அவ்வளவுதான்.

5. டிராக்: இதை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள், பெரிய மீன் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். ரீலின் முன்பக்கம் திருகும் குமிழ் இருக்கும்; மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நரம்பின் நுனியில் தொங்கு தராசை மாட்டி நேராக இழுத்துப் பாருங்கள். 10 பவுண்டு நரம்பென்றால் தராசு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ காட்டும்போது ரீல் 'கிர்ர்' என்று விட வேண்டும். மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

6. லூர்: செயற்கை இரை. விராலுக்கு ரப்பர் தவளை பிரமாதம். கவ்விய சத்தம் கேட்டதும் சுண்டாமல், நரம்பு விறைக்கும்வரை ஒரு நொடி பொறுத்து சுண்டுங்கள். சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகிற இடத்தில் மட்டும் தயவுசெய்து வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அங்கேதான் காவல் நிற்கும், அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.