வீட்டில் உரிமத் துப்பாக்கி, ஒருவருக்கு மனநோய்: குடும்பத்தார் செய்ய வேண்டியது

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டிப் பக்கம் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது வழக்கம். வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றி, பேச்சும் நடத்தையும் பயமுறுத்தினாலும் அதே வழிதான். ஆனால் தேர்தல் முடிந்தால் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். இங்கே அப்படி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் அல்லர். துப்பாக்கி இருக்கும் வீட்டில் அதிகம் அஞ்ச வேண்டியது அவர் தன்னையே மாய்த்துக்கொள்வதை. பல இரவு தூக்கமில்லை, பக்கத்து வீட்டுக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்று ஒரே பேச்சு, குடி கூடிவிட்டது, "நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார் என்றால் தள்ளிப்போடாதீர்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே, தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு மனுவுக்கும் டாக்டருக்கும் அதுதான் கைகொடுக்கும்.

தோட்டாவை வேறு பீரோவில் பூட்டி, சாவியை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். பூச்சிமருந்தையும் அதோடு சேர்த்துப் பூட்டுங்கள்; நம் விவசாய வீடுகளில் கைக்கு எட்டும் ஆபத்து அதுதான். இரட்டைக்குழல் துப்பாக்கியை மடித்தால் உள்ளே தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரியும். அதையும் பழகியவர்தான் செய்யலாம். பன்றி விரட்ட வாங்கிய, வெடிமருந்து இடித்துச் சுடும் ஒற்றைக்குழல் அப்படியல்ல. குழலுக்குள் மருந்தும் ரவையும் கிடப்பது வெளியே தெரியாது. மருந்தைப் பற்றவைக்கும் 'கேப்' என்ற சிறு மூடியை எடுத்துவிட்டால் போதும் என்பார்கள். போதாது. அதைத் தொடாமல் 112-க்கு அழைத்து, போலீஸையே வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத மகனோ மனைவியோ அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனால், நல்ல எண்ணத்தில் போனாலும் சிக்கல்தான்.

ரசீதில் துப்பாக்கியின் வகை, அதில் பொறித்துள்ள எண், தோட்டா எத்தனை, உரிம எண் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க" என்று ஸ்டேஷனில் சொன்னால், எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள்.

உரிமம் உயிரோடு இருக்கும்வரை, விருப்பப்பட்டு ஒப்படைத்தவர் அந்த ரசீதைக் காட்டித் திரும்பக் கேட்கலாம். ஆகவே உரிமத்தில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவருக்கே மனு கொடுங்கள். கலெக்டர் என்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுக்கலாம். "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பு அப்படியே தூங்கும். 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 17(3)-இன்படி உரிமத்தை நிறுத்திவைக்குமாறு குறிப்பிட்டுக் கேளுங்கள். உரிமதாரர் மனநிலை பாதிக்கப்பட்டவர் என்பதும், பொதுப் பாதுகாப்பும் அதில் காரணங்களாகவே உள்ளன. ஆளே துப்பாக்கியைத் தர மறுத்தால் பிரிவு 22 இருக்கிறது: உரிமம் செல்லுபடியாக இருந்தாலும், அவர் கையில் ஆயுதம் இருப்பது ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், நிர்வாக நடுவர் அதைப் பதிவு செய்து, சோதனையிட்டுப் பறிமுதல் செய்ய உத்தரவிடலாம். அந்த நடுவர் அதிகாரம் உள்ள வருவாய்க் கோட்டாட்சியருக்கும் (ஆர்.டி.ஓ.) ஒரு நகல் கொடுங்கள்.

டாக்டரே கலெக்டருக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். உரிமம் வாங்கும்போது மனநலமும் சேர்த்து மருத்துவச் சான்று கேட்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டு ஓடும். நடுவில் நோய் வந்தால் தானாக அலாரம் அடிக்க எதுவும் இல்லை. சான்றும் விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான். அப்பா பெயரில் உரிமம், நோய் மகனுக்கு என்றால் அந்தச் சான்றில் எதுவும் தெரியாது. அந்த வீட்டில் அப்பாவே முன்வந்து ஒப்படைப்பதுதான் வேகமான வழி.

சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். நள்ளிரவில் பேச்சுத் துணை வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416. ஆளை அசைக்க முடியாத நிலை என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 100-ஐப் போலீஸுக்கு நினைவூட்டுங்கள்: நோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை அவர்கள் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. நீங்களும் சங்கிலியில் கட்டாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் தப்பிக்க வழியின்றிச் செத்தது அந்தச் சங்கிலியால்தான்.

உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் கிணற்றிலோ கண்மாயிலோ போட்டு மறைக்க நினைக்காதீர்கள். வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டு சிறை. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படையுங்கள்.

உரிமம் நிறுத்திவைக்கப்பட்டால் உரிமதாரர் மேல்முறையீடு செய்யலாம். குணமானபின் திரும்பக் கேட்டால், மனநல மருத்துவரின் புதிய சான்றும், வீட்டில் பூட்டுப் பெட்டி இருப்பதற்கான ஆதாரமும் கையில் இருக்கட்டும். துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் விற்றுவிடலாம். விற்ற விவரத்தை உரிமம் கொடுத்த அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.