வெளியூர்க் கீத ஆராதனைக்குச் சிறிய பாடகர் குழுவைத் தயார் செய்வது எப்படி

சேகரத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) பதினாறு, பதினெட்டுப் பேர் பாடும் குழு, டிசம்பரில் இரண்டு மூன்று ஊர்களுக்குப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுகளால் ஆன கீத ஆராதனை நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஆலயத்தில் நன்றாகப் பாடும் குழுக்கள் வெளியூரில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் குரல் காரணமில்லை. உள்ளூரில் ஆர்கன் நான்கு பாகத்தையும் (பெண்களில் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்த குரல் ஆல்டோ, ஆண்களில் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்த குரல் பேஸ்) வாசித்துக் கைகொடுக்கிறது. ஆல்டோவில் ஒரு அக்கா மற்றவர்களையும் சேர்த்து இழுத்துப் போகிறார். சுவரிலிருந்து திரும்பி வரும் சத்தம் காதுக்குப் பழகியிருக்கிறது. வெளியூரில் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போகும். ஆகவே பாட்டைக் கற்பது பாதி வேலைதான். இந்தத் தாங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாடிப் பழகுவது மீதிப் பாதி.

பத்து வாரம் கையில் இருக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு பிராக்டீஸ், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் சரியாக வரும். நவம்பரில் தொடங்கும் குழு எல்லாப் பாட்டையும் அரைகுறையாகத்தான் கொண்டுபோகும்.

பாட்டுத் தேர்வு

45 நிமிட நிகழ்ச்சிக்குப் பத்துப் பாட்டு போதும். புதியவை நாலுக்கு மேல் வேண்டாம். நாலு பாட்டு குழு முன்பே பாடியவையாக இருக்கட்டும். மீதி இரண்டு சபையாரும் எழுந்து நின்று சேர்ந்து பாடக்கூடிய பாமாலைகள். அவற்றை நடுவிலும் முடிவிலும் வைத்தால், நடுவில் வருவது குழுவின் தொண்டைக்கும் ஓய்வு.

குரல் எல்லையைத் தாளில் பார்த்தே கணக்கிடுங்கள். பயிற்சி குறைந்த சோப்ரானோ மேல் எஃப் வரை சிரமமில்லாமல் போவார். மேல் ஜி ஓரிரு இடத்தில் வந்தால் தாங்கும், வரிக்கு வரி வந்தால் மூன்றாவது பாட்டிலேயே குரல் கிழியும். பேஸுக்குக் கீழ் ஜி வரை நம்பலாம்.

டெனரில் இரண்டே பேர் என்பது எல்லாச் சிறிய குழுவுக்கும் உள்ள குறை. பேஸில் இலேசான குரல் உள்ள ஒரு தம்பியை மாற்றலாம். டெனர் வரி, நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யைத் தாண்டிக் கீழே போகாத பாட்டில், கனத்த குரல் உள்ள ஆல்டோ ஒருவரும் அதே சுருதியில் டெனருடன் சேரலாம். இரண்டும் முடியாவிட்டால் ஆண்களுக்கு ஒரே பாகம் உள்ள மூன்று பாகப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உச்சத்தில் கத்தும் ஒற்றை டெனரைவிடச் சுத்தமான மூன்று பாகம் கேட்க எவ்வளவோ இதம்.

கீர்த்தனை ஒன்றாவது இருக்க வேண்டும். ஆனால் ராகத்தில் அமைந்த கீர்த்தனையை நான்கு பாகமாக அடைக்காதீர்கள். ஸ்வரங்கள் அசைந்து வரும் இடத்தில் மற்ற மூன்று பாகமும் அசையாமல் நின்றால் ராகமும் போகும், இசைவும் வராது. ஒருவர் பல்லவி எடுக்க, எல்லாரும் ஒரே குரலாகத் திரும்பப் பாடட்டும். ஆண்கள் இருவர் சுருதியை மட்டும் பிடித்து நின்றால் போதும்.

பாகம் கற்பது

முதல் பத்து நிமிடம் குரல் பழக்கம். அடுத்த 25 நிமிடம் பாகம் பாகமாகத் தனி அறையில். பிறகு 40 நிமிடம் எல்லாரும் சேர்ந்து. கடைசி 15 நிமிடம் தெரிந்த பாட்டு. புதிய பாட்டைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கற்பது பலன் தரும். முதல் வரியிலிருந்தே தொடங்கினால் தொடக்கம் முப்பது தடவை பாடப்பட்டு, முடிவு மூன்றே தடவை பாடப்பட்டிருக்கும்.

ஸ்வரங்களை டோ, ரே, மி என்று எழுத்தில் குறிக்கும் சோல்ஃபா தாளில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். சிறுகோடு இருந்தால் முன் ஸ்வரத்தை நீட்ட வேண்டும், வெற்றிடம் இருந்தால் மௌனம். இதைக் கவனிக்காதவர்கள் வெற்றிடத்திலும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயியைக் காட்டும் குட்டிக் கோடுகள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் மறைந்துபோகும். பேஸில் ஒருவர் கீழ் சோவும் இன்னொருவர் மேல் சோவும் பாடினால் முதலில் தாளைப் பாருங்கள். மூலப் பிரதியை வைத்துக்கொண்டு பேனாவால் அடையாளம் போட்டபின் பிரதி எடுப்பதே சரி.

வாட்ஸ்அப்பில் பாகத்தைப் பதிந்து அனுப்புவது உதவிதான். ஆனால் ஒற்றைப் பாகத்தை மட்டும் அனுப்பினால் அதை மட்டுமே கேட்டுப் பழகி, மற்ற மூன்றும் சேர்ந்ததும் குழம்புவார்கள். அவரவர் பாகம் சத்தமாகவும் மற்றவை மெதுவாகவும் கேட்கும்படி பதிந்து அனுப்புங்கள்.

ஆறாவது வாரத்தில் நால்வர் சோதனை. பாகத்துக்கு ஒருவராக நாலு பேர் மட்டும் முன்னால் நின்று பாட வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் குறைந்தது இரண்டு பேர் தனியாக நிற்கத் தெரிந்தவர்களாக இருந்தால்தான், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பாகம் விழாது. இந்தச் சோதனையின்போது யாரையும் திருத்திச் சிரிக்காதீர்கள். பயந்த குரல் மறுபடி வெளியே வர மாதம் ஆகும்.

சொல் கேட்க வேண்டும்

மேற்கத்திய மெட்டில் தமிழ்ச் சொல்லைப் பாடும்போது குழுவின் தரம் தெரிவது இங்கேதான், பெரும்பாலான குழுக்கள் நேரம் ஒதுக்காததும் இங்கேதான். நீண்ட ஸ்வரத்தில் குறில் விழுந்தால் பொருள் மாறும். ‘பலன்’ என்பதன் முதலெழுத்தை இரண்டு தட்டு நீட்டினால் கேட்பவருக்கு ‘பாலன்’ ஆகிவிடும். மெட்டை மாற்ற முடியாது. அந்த எழுத்தை அழுத்தமில்லாமல் இலேசாகப் பிடித்து, அடுத்த எழுத்துக்கு அரைத் தட்டு முன்னதாகவே போய்விடுங்கள். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் போக வேண்டும், அதைப் பென்சிலால் குறிக்க வேண்டும்.

‘மகிமை’, ‘கிருபை’ போன்ற சொற்கள் நீண்ட ஸ்வரத்தில் முடிந்தால் பாதிப்பேர் ‘மகிமெ’ என்பார்கள், பாதிப்பேர் ‘மகிமய்’ என்பார்கள். சுருதி சரியாக இருந்தும் கலங்கலாகக் கேட்பதற்கு இதுவே காரணம். திறந்த அகரத்தில் நீட்டி, கடைசித் துளியில் ‘ய்’ வைப்பதாக முடிவு செய்யுங்கள். ‘சமாதானம்’ போன்ற சொல்லில் ‘ம்’ எந்தத் தட்டில் மூட வேண்டும் என்று எண் போடுங்கள். முன்னதாக மூடி முனகினால் பாட்டு பின்வரிசைக்குப் போய்ச் சேராது. ‘பிறந்தார்’ என்பதில் ஆகாரத்தை நீட்டி, ‘ர்’ ஒரே தட்டலாக முடியட்டும். க்க, த்த, ப்ப வரும் இடங்களில் ஒரு கணம் சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ‘பக்கம்’ என்பது ‘பகம்’ என்றுதான் கேட்கும்.

‘இரட்சகர்’ என்று எழுதியிருப்பதை ‘ரட்சகர்’ என்று பாடுவதா, இகரத்துக்கு ஒரு ஸ்வரம் உண்டா என்பதையும் முதல் நாளே தீர்மானியுங்கள்.

ஆர்கனை எடுத்துவிட்டு

ஏழாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவையாவது வாத்தியமின்றிப் பாடுங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் கீபோர்டில் ஒரே ஒரு ஸ்வரம் தட்டிப் பாருங்கள். பல சமயம் சுருதி சற்று இறங்கியிருக்கும். ஏறும்போது படியைச் சிறிதாகவும் இறங்கும்போது பெரிதாகவும் எடுத்து வைப்பது குரலின் இயல்பு. அத்துடன் மி-யும் டீ-யும் தாழ்ந்தே பாடப்படும். வரி முடிவில் மூச்சு தளர்வதும், காற்றில்லாத சூடான அறையும், மிக மெதுவாகப் பாடுவதும் இறக்கத்தைக் கூட்டும். முதலில் மூச்செடுக்கும் இடங்களை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராத பாட்டை அரை ஸ்வரம் ஏற்றிப் பாடுங்கள். எஃப்-இல் தொடர்ந்து இறங்கும் பாட்டு எஃப் ஷார்ப்பில் அப்படியே நிற்பது உண்டு, குரல் மாறும் இடம் வேறு ஸ்வரத்துக்குத் தள்ளிப்போவதால்.

ஒரு டியூனிங் ஃபோர்க் வாங்கி வையுங்கள். 440 அதிர்வு தருவது ஏ ஸ்வரம். டோ சி-யில் இருந்தால் ஏ என்பது லா. டோ டி-யில் என்றால் சோ, எஃப்-இல் என்றால் மி, ஜி-யில் என்றால் ரே. அங்கிருந்து டோவுக்கு வந்து நான்கு பாகத்துக்கும் தொடக்கம் கொடுக்கலாம்.

எட்டாம் வாரம் இடத்தை மாற்றுங்கள். ஒரு நாள் மொட்டைமாடியில், ஒரு நாள் ஓடு போட்ட பள்ளிக்கூட வகுப்பில். மாடியில் பக்கத்தில் நிற்பவர் குரல்கூடக் கேட்காது, யார் யாரைச் சார்ந்து பாடினார்கள் என்பது அன்றைக்கே தெரியும். எதிரொலி நீண்டு நிற்கும் உயரமான பழைய ஆலயங்களில் வேகத்தைச் சற்றுக் குறைத்து, சொல் முடிவுகளைக் குறுக்கிப் பாட வேண்டும்.

பயணம்

ரயில் என்றால் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரைதான். ஆகவே 18 பேருக்கு மூன்று டிக்கெட், மூன்று பேர் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் நான்கு பாகமும் கலந்திருக்கட்டும். ஒன்று வெயிட்டிங் லிஸ்டில் நின்றுபோனாலும் டெனர் மொத்தமும் வீட்டில் நிற்காது. இரண்டு வண்டியில் போனாலும் இதே கணக்குதான். ஒரே வேன் என்றால் தலை எண்ணிக்கைக்கு மேல் மூன்று இருக்கை வேண்டும், கீபோர்டும் ஸ்டாண்டும் உடைப் பைகளும் இடம் கேட்கும்.

தென்மாவட்டங்களுக்கு டிசம்பர் மழைக்காலமும்கூட. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ரயிலும் சாலையும் துண்டிக்கப்பட்டன. ஒவ்வொரு ஊருக்கும் மாற்றுத் தேதி ஒன்றை ஆயரிடம் முன்பே பேசி வையுங்கள். பாட்டுத்தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கருப்பு ஃபைலில் வரிசைப்படி கோர்த்து, கூடுதலாக இரண்டு செட் தனிப் பையில் எடுத்துச் செல்லுங்கள். செலவுக் கணக்கில் டிரைவர் பேட்டா விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழைக்கும் சபைக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு எழுத வேண்டியவை: பதினாறு பேர் இரண்டு வரிசையில் நிற்க 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் இருக்கிறதா, பின்வரிசைக்குப் படி உண்டா, பிளக் எவ்வளவு தூரம், பெண்கள் உடைமாற்ற அறை எங்கே. சாப்பாட்டையும் பேசிவிடுங்கள். அன்போடு பிரியாணி போட்டுத்தான் பாட அனுப்புவார்கள், மறுப்பது மரியாதையாகாது. பெரிய விருந்து நிகழ்ச்சிக்குப் பின்னும், இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி மாதிரி இலேசானதும் போதும் என்று அப்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

அன்றைய மாலை

இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். பத்துப் பாட்டையும் பாடிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றின் தொடக்கம், முடிவு, கடினமான ஒரு வரி, அவ்வளவே. மொத்தம் 30 நிமிடம். நின்று பாட வேண்டிய வரிசையிலேயே நில்லுங்கள். டெனர் நடுவில், பேஸ் சோப்ரானோவுக்குப் பின்னால் நின்றால் குறைந்த ஆண் குரல்கள் ஓரத்தில் தொலையாது. குழுவின் தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், தாளும் பறக்கும், சத்தமும் உடைந்து கேட்கும்.

மைக் செட்காரர் இரண்டு பேருக்கு ஒரு மைக் வைக்க வருவார். மைக்குக்கு அருகில் நிற்பவர் குரல் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். நூறு நூற்றைம்பது பேர் உட்காரும் மூடிய ஆலயத்தில் மைக்கே தேவையில்லை. பெரிய இடம் என்றால் இரண்டு கண்டென்சர் மைக், குழுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே. ஸ்பீக்கர் குழுவுக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் இருந்தால் கூவ ஆரம்பிக்கும்.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் எண்ணை ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் பாருங்கள். முந்தைய பாட்டுக்கு ஏற்றிய அரை ஸ்வரம் அப்படியே நின்றால் சோப்ரானோ மேல் ஜி-க்குப் பதில் ஜி ஷார்ப்பில் மாட்டிக்கொள்வார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்ததும் பல கீபோர்டுகளில் அந்த எண்ணும் டோனும் பழைய நிலைக்குப் போய்விடும். மின்சாரம் போனால் பாட்டை நிறுத்த வேண்டாம், ஆர்கன் இல்லாமல் பழகியதே அதற்காகத்தான். உள்ளூர் ஆலயத்தின் பழைய ஆர்கனுடன் உங்கள் கீபோர்டைச் சேர்த்து வாசிப்பதாக இருந்தால் இரண்டின் சுருதியையும் ஒப்பிடாமல் சம்மதிக்காதீர்கள்.

தண்ணீரை மேடை ஏறும் முன் மடமடவென்று குடிப்பதில் பயனில்லை, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். தொண்டை கரகரக்கிறவர்கள் மென்தால் மிட்டாயை நம்ப வேண்டாம். மரத்துப்போன தொண்டையில் வலி தெரியாமல் இன்னும் அழுத்திப் பாடுவார்கள். அவர்களை மெதுவாகப் பாடச் சொல்வதைவிட ஒரு பாட்டுக்கு மட்டும் பாடாமல் உட்காரவைப்பது மேல்.

நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறியதும் உற்சாகத்தில் எல்லாரும் பாடத் தொடங்குவார்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவதும் பாடுவதும்தான் மறுநாள் குரலை எடுத்துவிடும். அடுத்த ஊர் வரை தூங்கச் சொல்லுங்கள். பாட்டு கடைசி ஊரிலிருந்து திரும்பும் வண்டிக்கு இருக்கட்டும்.