ஏலத்தில் விற்ற கேமரா திரும்பி வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் ஏல விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றான். ஜெனித்-ஈ கேமரா. சோவியத் காலத்துச் சரக்கு, செங்கல் கனம். கீழே மூன்றே வரி: டெஸ்ட் செய்யவில்லை, உள்ளபடியே விற்கிறேன், ரிட்டர்ன் கிடையாது. லண்டனில் இருந்துகொண்டு பத்துப் பதினைந்து வருடமாகப் பழைய ஃபிலிம் கேமராக்களை இணைய ஏலத்தில் வாங்கி விற்கிறேன். அந்த மூன்று வரியை நானும் எழுதியிருக்கிறேன், அதே வரிசையில்.

பபிள் ராப் சுற்று, படம் மங்கலாக எடுக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்கு நான் வேண்டாம்.

"டெஸ்ட் செய்யவில்லை" என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பது

நான் விற்றது ஒலிம்பஸ் ஓஎம்-1, 50 எம்எம் லென்ஸோடு. விற்பதற்கு முன் லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை. பார்த்தேன், மூடியைப் போட்டேன், "டெஸ்ட் செய்யவில்லை" என்று எழுதினேன். பொய் சொன்னதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஃபிலிம் போட்டுப் பார்க்கவில்லைதானே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடினார்.

118 பவுண்டுக்குப் போனது. நாலாம் நாள் வாங்கியவர் ரிட்டர்ன் கேட்டு, டார்ச் அடித்து எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினார். நான் "விளம்பரத்தைப் படிக்கவில்லையா?" என்று மிடுக்காகப் பதில் போட்டேன். அவர் படித்திருந்தார், என்னைவிட நன்றாகவே படித்திருந்தார். "உங்கள் முதல் படத்தில் ஃபிலிம் எண்ணும் முள் எஸ் என்ற எழுத்தில் நிற்கிறது. ஐந்தாவது படத்தில் 4-ல் நிற்கிறது. நடுவில் லீவரை இழுத்து ஷட்டரை அடித்துப் பார்த்தது யார்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏலத் தளம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 118 பவுண்டு, அவரிடம் நான் வாங்கியிருந்த தபால் செலவு, திரும்பி வரும் தபால் செலவு, எல்லாம் என் தலையில். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான். அவர் மேல் இல்லை, அந்த முள் மேலும் இல்லை. "லென்ஸில் பூஞ்சை உண்டு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் 20 பவுண்டு குறைவாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ஈபே மாதிரி தளங்களில் "ரிட்டர்ன் கிடையாது" என்பது, வாங்கியவர் மனம் மாறினால் மட்டும் உங்களைக் காப்பாற்றும். வந்த பொருள் விளம்பரத்துக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள் அவருக்கு அவகாசம், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. பிரிட்டனின் 1979 சரக்கு விற்பனைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது: வர்ணித்து விற்றால் பொருள் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். வீட்டுப் பரணிலிருந்து ஒரே ஒரு கேமரா விற்பவருக்கும் இது பொருந்தும்.

அதனால் செய்து பார்த்ததையும் செய்யாததையும் தனித்தனியாக எழுதுங்கள். லென்ஸின் இரு பக்க மூடியையும் கழற்றி, அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பூஞ்சை, தூசி, கீறல் எல்லாம் வெளியே வரும். ஒரு வினாடி வேகத்தில் ஷட்டரை அடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். பின்கதவைத் திறந்து வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஓரத்து ஃபோமைத் தொட்டுப் பாருங்கள், தார் மாதிரி ஒட்டினால் அதையும் எழுதுங்கள். ஒளி அளக்கும் மீட்டருக்கு ஓஎம்-1 கேட்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி; அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியில் அளவு பிசகலாம்; அதைப் போட்டு "மீட்டர் வேலை செய்கிறது" என்று எழுதினால் வம்பை நீங்களே அழைக்கிறீர்கள். "முள் அசைகிறது, அளவு சரியா என்று பார்க்கவில்லை" என்று எழுதினால் சரி.

சீரியல் எண்

கேமராவுக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று. இரண்டையும் விளம்பரத்திலேயே படமாகப் போடுங்கள். திரும்பி வருவது உங்கள் லென்ஸ்தானா என்று பிறகு யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

வியாபாரியாக இருந்துகொண்டு தனிநபர் வேஷம் போடுவது

மாதம் பத்து கேமரா வாங்கி விற்றால் நீங்கள் வியாபாரிதான், தளத்தில் உங்கள் கணக்கில் என்ன எழுதியிருந்தாலும். 2013-ஆம் ஆண்டு பிரிட்டனில் வந்த நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இந்த உரிமையை நீங்கள் அவரிடம் சொல்லாமல் விட்டால் கெடு மேலும் 12 மாதம் வரை நீளும்.

"ஏலத்துக்குத்தான் விலக்கு உண்டே?" என்று கேட்பார்கள். உண்டு, ஏலம் கேட்பவர் நேரில் வந்து உட்கார வாய்ப்புள்ள ஏலத்துக்கு. ஜெர்மனிக்கு விற்பவர்களுக்கு இன்னொன்று: 2004 நவம்பரில் அங்கே உச்ச சிவில் நீதிமன்றம், ஈபேயில் ஏலம் கேட்டுவிட்டு வேண்டாம் என்ற ஒருவரின் வைரக் கைச்சங்கிலி வழக்கை விசாரித்தது. ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவிச் சுத்தியல் அடிக்க அங்கே ஆள் இல்லை, நேரம் தீர்ந்ததும் முடிகிறது, ஆகவே சட்டப்படி அது ஏலமே அல்ல என்று முடித்துவிட்டது. விற்றவர் வியாபாரி என்பதால், வாங்கியவருக்குத் திரும்பப் பெறும் உரிமை நிலைத்தது.

தளத்துக்கு வெளியே பேசி முடிப்பது

"பாதிப் பணத்தை வங்கியில் போடுங்கள், திருப்பி அனுப்ப மாட்டேன்" என்பார்கள் வாங்கியவர்கள். போடுவீர்கள். மறுநாள் தளத்தில் ரிட்டர்னும் கேட்பார்கள். குறைத்துக் கொடுப்பதென்றால் தளத்துக்குள்ளேயே கொடுங்கள்.

வாங்கியவர்கள் செய்யும் ஒன்று

நானே செய்தது. ஏலத்தில் வாங்கிய லென்ஸின் ஃபோகஸ் வளையம் இறுகிக் கிடந்தது. கை சும்மா இருக்குமா? ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஒரு திருகின் தலை வழுக்கி, சுற்றிலும் கீறல். அப்புறம் ரிட்டர்ன் கேட்டேன். விற்றவர் தன் பழைய படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். வாயை மூடிக்கொண்டேன். குறை கண்டால் படம் எடுங்கள், கைவைக்காமல் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள்.

ராத்திரியில் பதில் எழுதுவது

வேண்டாம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இவ்வளவு குறைகள எழுதினா யாருண்ணே வாங்குவா?" என்றான். இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்த்து, தூசி, ஷட்டர், ஜன்னல் பக்கம் திருப்பினால் அசையும் மீட்டர் முள் என்று பதினொரு வரி எழுதினான். ஏலம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி வந்தது: தோல் உறையில் வாடை அடிக்கிறதா? முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆமாம், லேசாகப் பூஞ்சை வாடை" என்று பதில் போட்டான். கேட்டவரேதான் 34 பவுண்டுக்கு எடுத்தார்.