2 மீட்டர் கிளைடரைப் புதுச்சேரியிலிருந்து ஏலகிரிக்கு உடையாமல் கொண்டுபோவது எப்படி?

பால்சா கட்டையில் நீங்களே கட்டிய 2 மீட்டர் ரேடியோ கிளைடரைச் சமவெளியில் ஓட்டிப் பழகிவிட்டீர்கள். அடுத்து, மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில் விட வேண்டும். நமக்கு வசதியான மலை ஏலகிரி. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், திருப்பத்தூர் வழியாகச் சுமார் 200 கி.மீ. கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

கிளைடர் காற்றைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. ஒரே இடத்தில் அழுத்தும் விரலையோ, வளைவில் உருண்டு வந்து இடிக்கும் தண்ணீர் பாட்டிலையோ அது தாங்காது. அதனால் பெட்டி செய்வதுதான் முதல் வேலை.

படி 1: பெட்டி

உள்ளளவு 115 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. சன்பேக் ஷீட் (உள்ளே குழாய்போல் வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் அட்டை) போதும். பிளைவுட் எடையைத்தான் கூட்டும்.

5 செ.மீ. தடிமன் தெர்மாகோலில் இரண்டு தாங்கிகள் வெட்டுங்கள். இறக்கையின் இரண்டு பாதிகளும் முன்விளிம்பு கீழே இருக்கும்படி அதில் செங்குத்தாக நிற்க வேண்டும். முன்விளிம்பில் கட்டை உண்டு, எடையைத் தாங்கும். பின்விளிம்பு 2 மி.மீ.கூட இருக்காது, ஒரே இரவில் வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைப்பதும் தவறு. மேலே இருப்பதன் எடை, கீழே உள்ளதன்மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமில் பள்ளம் போடும்.

தாங்கிகள் எங்கே வர வேண்டும் என்பதில் கவனம் தேவை. ஒன்று இறக்கை உடலோடு சேரும் முனையிலுள்ள ரிப்புக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) நேராக, இன்னொன்று அங்கிருந்து 65 செ.மீ. தள்ளியுள்ள ரிப்புக்கு நேராக. இரண்டு ரிப்புக்கு நடுவில் வந்தால் ஃபிலிம் தளரும், சில சமயம் கிழியும். தெர்மாகோல் நேராக உரசினால் ஃபிலிமில் கோடு விழும். பழைய வேட்டித் துணியைப் பள்ளத்தில் ஒட்டிவிடுங்கள்.

எய்லரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பகுதி. அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் கை இறக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை எதிலும் படாதபடி அந்த இடத்தில் தனியாகக் குடைந்துவிடுங்கள். வண்டி குலுங்கும்போது அந்தக் கையில் எடை விழுந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் ஒன்று முறியும். வெளியே ஒன்றும் தெரியாது. பறக்கும்போதுதான் எய்லரான் பாதியில் சிக்கும்.

படி 2: வால்

கிடைவாலின் இரண்டு நைலான் போல்ட்டையும் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். கிடைவாலின் பின்பக்கம் அசையும் பகுதியான எலிவேட்டர் ஆடாமலிருக்க, இரண்டு ஐஸ் குச்சிகளை மேலும் கீழும் வைத்துத் துணி கிளிப் போடுங்கள். கிளிப்பில் சிவப்பு நாடா கட்டுங்கள். கழற்ற மறந்தால் கிளைடர் கைவிட்ட இடத்திலேயே விழும்.

படி 3: வண்டியில்

பின்சீட்டை மடித்தால் சின்னக் காரிலேயே இந்தப் பெட்டி நுழையும். மேற்கூரையில் கட்டுவது கடைசி வழி. வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ராட்செட் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். தட்டையாக விட்டால் பட்டை காற்றில் அதிர்ந்து தளரும். வளைவுகளில் எடை பக்கவாட்டில் தள்ளும் என்பதால் பெட்டியின் இரண்டு பக்கமும் தலையணை அடைத்துவிடுங்கள்.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்கள். காரணம் வெயில். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். ஹாட் க்ளூவில் ஒட்டிய சர்வோ அந்தச் சூட்டில் இளகி நகரும், ஃபிலிமில் சுருக்கம் விழலாம். டீ குடிக்க நிறுத்தினாலும் நிழலில் நிறுத்துங்கள். லிப்போ பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துக் கொண்டுபோய், பறக்கவிடுவதற்கு முந்தைய இரவு தங்கும் அறையில் பக்கத்திலிருந்தே முழுச் சார்ஜ் போடுங்கள்.

படி 4: மலையில்

ட்ரோன் விதிகள் 2021 ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடம் பச்சை மண்டலமா (பறக்கவிட முன் அனுமதி தேவையில்லாத பகுதி) என்று பாருங்கள். பச்சையிலும் உயரம் 120 மீட்டர்தான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம்.

பொருத்தியதும் முதலில் எய்லரானைப் பாருங்கள். ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். கீழே போனால் எய்லரான் தலைகீழாக வேலை செய்கிறது; இடது, வலது வயர்களை மாற்றிச் செருகியிருக்கலாம். வீட்டிலேயே இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை டேப் ஒட்டிவிட்டால் வயர்களில் குழப்பம் வராது. அடுத்து ஈர்ப்பு மையம். ஊரில் சரிபார்த்த இடத்தில் இறக்கைக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்திருங்கள், இங்கே விரல்நுனியில் தாங்கிப் பாருங்கள். பேட்டரி 1 செ.மீ. பின்னால் போனாலே மூக்கு தூக்கும்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு, அதனால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் கிளைடர் தொய்ந்து விழும்) 5 சதவீதம் கூடும். கடற்கரையில் மணிக்கு 30 கி.மீ.யில் தொய்ந்த கிளைடர் இங்கே 31.5-லேயே தொய்யும். இறங்கும்போது தரையில் ஓடும் தூரமும் நீளும். 10 மீட்டராவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் விளிம்புக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே அழுத்தும், அங்கே தாழ்வாக வராதீர்கள்.

மாலையில் பனி இறங்கினால் கிளைடரை ஈரத்தோடு பெட்டியில் மூட வேண்டாம். துணியால் துடைத்து, அரை மணி நேரம் அறையில் திறந்து வைத்து, 50 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்ட பிறகு மூடுங்கள்.