வெயில் படத்தில் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்

கணினியில் வெயில் காட்சி வரையும்போது நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல், படத்துக்கு மேலே மல்டிப்ளை முறையில் ஒரு லேயர் (அடுக்கு) போட்டு நீலம் கலந்த வெளிறிய ஊதாவால் தீட்டுங்கள். நிறத் தேர்வில் ஹியூ (எந்த நிறம்) 235 பக்கம், சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) 25, பிரைட்னஸ் (வெளிச்சம்) 70 என்று தொடங்கினால் போதும். கிரிட்டாவோ போட்டோஷாப்போ, எந்த வரைகலை மென்பொருளிலும் வேலை ஒன்றுதான். மல்டிப்ளை என்பது கீழே உள்ள நிறத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மேல் நிறத்தின் அதே மூன்று அளவுகளால் (0 முதல் 1 வரை) தனித்தனியே பெருக்குவது, அதனால் நிறம் கருமையாகும்; அதில் சாம்பல் நிறத்தைப் போட்டால் மூன்றும் ஒரே அளவில் குறைந்து கரி பூசிய மாதிரி ஆகிவிடும், ஊதாவைப் போட்டால் நீலம் மட்டும் கொஞ்சம் தப்பிக்கும். வெளியிலும் இதுதான் நடக்கிறது: வெயில் படாத இடத்துக்கும் நீல வானத்தின் ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் போட்டுப் பாருங்கள், சட்டென்று தெரியும்.

மஞ்சள் துணியில் மட்டும் இது பாசி நிறத்துக்கு இழுக்கும், அங்கே நிழலை ஆரஞ்சுப் பக்கம் நகர்த்திவிடுங்கள். மேகம் மூடிய நாளுக்கும், ராத்திரி ஒற்றை பல்பு எரியும் அறைக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அறைக்குள் நிழலில் விழுவது பெரும்பாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, அதனால் அப்போது சுவரின் நிறத்தையே ஐட்ராப்பரால் (படத்திலிருந்து நிறம் எடுக்கும் கருவி) எடுத்துக்கொள்வது நல்லது.