பழைய பாணி ரிக்கன்பேக்கர் 12 கம்பி கிட்டாரை அடையாளம் காண்பது எப்படி?

"360/12 விண்டேஜ், லிமிடெட் எடிஷன், அபூர்வம்!" என்று ஒரு விளம்பரம், கூடவே நாலைந்து போட்டோ. 360/12 என்பது ரிக்கன்பேக்கர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 12 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் மாடல். இந்த கிட்டார் 1960-களில் செய்த அசலாக இருக்கலாம். பிற்பாடு அதே அச்சில் செய்த மறுபதிப்பாகவோ, பிரபல இசைக்கலைஞரின் கையெழுத்துப் போட்ட சிறப்புப் பதிப்பாகவோ, கடையில் எப்போதும் கிடைக்கிற சாதாரண மாடலாகவோ, சுத்தப் போலியாகவோகூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு.

நான் பின்பற்றுகிற முறை எளிது. ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றி மாற்றக்கூடிய எதையும் கடைசியில்தான் பார்ப்பேன். பெயர்ப் பட்டை, கையெழுத்துள்ள பிக்கார்ட் (உடலின் முகத்தில் மாட்டிய பிளாஸ்டிக் தகடு), சீரியல் நம்பர் அடித்த தகடு எல்லாமே ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன. விற்பவர் முதலில் காட்டுவதும் அவற்றைத்தான். மரத்தில் கைவைப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

படி 1: தலையைப் பாருங்கள்

பன்னிரண்டு டியூனிங் கீயை (கம்பியை முறுக்கும் திருகு) வரிசையாக வைத்தால் ஹெட்ஸ்டாக், அதாவது கழுத்து நுனியிலுள்ள தலை, நீண்டு, கழுத்து கனத்துத் தொங்கும். ரிக்கன்பேக்கர் இதற்குக் கண்டுபிடித்த வழி வேறு எதிலும் அவ்வளவாகக் காணக் கிடைக்காது. ஆறு கீ வழக்கம்போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற ஆறும் கிளாசிக்கல் கிட்டாரைப் போலப் பின்பக்கம் பார்த்து நிற்கும். அவற்றின் கம்பிகளுக்காக ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் இரண்டு நீளக் குழிகள் வெட்டியிருப்பார்கள். அந்தக் குழி மறுபக்கம்வரை ஊடுருவாது. ஆகவே தலை, ஆறு கம்பி மாடலின் தலையளவே இருக்கும்.

பன்னிரண்டு கீயும் பக்கவாட்டில் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம். 'சிக்கன்பேக்கர்' என்று கேலியாகச் சொல்லப்படும் போலிகளில் பல இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். இன்னும் சந்தேகமா? தலையில் உள்ள பெயர்ப் பட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு ட்ரஸ் ராட் (கழுத்தை நேராக வைத்திருக்கும் உலோகத் தண்டு) முனைகள் தெரிய வேண்டும். 360 வகையில் கழுத்து உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். பின்னால் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் அது வேறு யாரோ செய்தது.

படி 2: விளிம்பும் டெயில்பீஸும்

இங்கே கொஞ்சம் வரலாறு தேவை. இந்த நிறுவனம் தன் முதல் 12 கம்பி கிட்டார்களை 1963-இல் கலிஃபோர்னியாவில் செய்தது. அவற்றில் ஒன்று 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போனது. அதன் உடலில் முன்விளிம்பு கூராக, முன்னும் பின்னும் வெள்ளை பைண்டிங்கோடு (விளிம்பில் ஒட்டும் பட்டை) இருக்கும். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் தட்டையான ட்ரபீஸ் வகை.

அந்த 1964-இலேயே வடிவத்தை மாற்றிவிட்டார்கள். முன்விளிம்பு வழுவழுவென்று உருண்டது, முன்பக்க பைண்டிங் போனது, ஆங்கில 'ஆர்' எழுத்து வடிவ டெயில்பீஸ் வந்தது. ஹாரிசன் 1965-இல் பெற்ற இரண்டாவது கிட்டார் இந்த ரகம். ஆக, உருண்ட விளிம்பு என்றவுடன் 'இது பழசில்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கூர்விளிம்பு வடிவத்தைத்தான் பிற்பாடு மறுபதிப்புகளில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1980-களின் நடுவில் வந்தது 360/12 வி64. அதற்குப் பின், 2000-ஐ ஒட்டி வந்தது ஹாரிசனின் கிட்டாரை இன்னும் நெருக்கமாகப் பின்பற்றும் 360/12 சி63. புதியவர்கள் தடுமாறும் இடம் இது: பெயரில் உள்ள 63-உம் 64-உம் செய்த வருஷம் இல்லை, எந்த வருஷத்தைப் போலச் செய்தார்களோ அந்த வருஷம்.

படி 3: ஃப்ரெட்டை எண்ணுங்கள்

ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு. 1960-களின் அசலிலும் சி63-இலும் 21 ஃப்ரெட். இன்றைய சாதாரண 360/12-இல் 24. போட்டோ மங்கலாக இருந்து எண்ண முடியவில்லையா? ஃப்ரெட் பலகை முடியும் இடத்தைப் பாருங்கள். 24 ஃப்ரெட் என்றால் பலகை நீண்டுவந்து முன் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) ஒட்டி நிற்கும். 21 என்றால் நடுவில் இடைவெளி தெரியும்.

படி 4: பிக்கப், பாலம்

குரோம் மூடியில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு பிரெட் டோஸ்டர் மாதிரி இருந்தால் அது 'டோஸ்டர்' பிக்கப். பழைய பாணிக்கு அது வேண்டும். ஆனால் மறுபதிப்புகளிலும் அதுவேதான், தனியாகவும் வாங்கி மாட்டலாம். அதனால் இதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. 1960-களின் பாலத்தில் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஆறு சேடில்தான் (கம்பி உட்காரும் சிறு துண்டு), ஒரு ஜோடிக் கம்பிக்கு ஒன்று. பன்னிரண்டு சேடில் இருந்தால் பாலம் பிற்காலத்தது.

அப்புறம் கம்பி வரிசை. வழக்கமான 12 கம்பி கிட்டாரில் கீழ்நோக்கி மீட்டும்போது பிக் முதலில் தொடுவது மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் மெல்லிய கம்பியை. ரிக்கன்பேக்கரில் தடித்த கம்பிதான் முதலில்.

படி 5: ஜாக் தகட்டில் உள்ள எண்

சீரியல் நம்பர், வயர் செருகும் தகட்டில் அடித்திருக்கும். 1961 முதல் 1986 வரை முதல் ஆங்கில எழுத்து வருஷத்தைக் குறிக்கும்: ஏ 1961, சி 1963, டி 1964 என்று இசட் வரை. அடுத்த எழுத்து மாதம். ஆகவே 1985-இல் செய்த வி64-இல் ஒய் என்று தொடங்கும். 1987-லிருந்து 1990-களின் பிற்பகுதிவரை மாதத்துக்கு ஒரு எழுத்து, வருஷத்துக்கு ஓர் இலக்கம்: 0 என்றால் 1987, 1 என்றால் 1988. டி என்று தொடங்கி அடுத்ததும் எழுத்தாகவே உள்ள தகடு 24 ஃப்ரெட் கிட்டாரில் இருந்தால், தகடு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

படி 6: கையெழுத்துப் பதிப்புகள்

இப்போதுதான் பிளாஸ்டிக்கைப் பார்க்கிறோம். 1988-இல் அறிமுகமான, 'தி பேர்ட்ஸ்' ராக் குழுவின் ரோஜர் மெக்வின் பெயரிலான 370/12 பதிப்பு 1,000 மட்டும். மூன்று பிக்கப், உள்ளேயே கம்ப்ரஸர் சர்க்யூட் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது). பிக்கார்டில் கையெழுத்து இருந்து உள்ளே கம்ப்ரஸர் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். 1991-இல் அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டி பெயரில் வந்த 660/12 பதிப்பும் 1,000 தான். இது உள்ளீடற்ற உடல் அல்ல, முழு மரம். கட்டம் போட்ட பைண்டிங், பொன்னிற பிக்கார்ட், வழக்கத்தைவிட அகலமான கழுத்து. 360 உடலில் டாம் பெட்டியின் கையெழுத்தைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய போட்டோக்கள்: ஹெட்ஸ்டாக் முன்னும் பின்னும், பக்கவாட்டில் உடல் விளிம்பு, ஃப்ரெட் பலகை முடியும் இடம், ஜாக் தகடு, சான்றிதழ் இருந்தால் அதுவும். தகடும் சான்றிதழும் ஒரே போட்டோவில் வரட்டும்.