எண்ணூர் முகத்துவாரத்தில் விண்ட்சர்ஃபிங்: நீர் ஏறும் நேரம் பாருங்கள்

எண்ணூர் முகத்துவாரத்தில் விண்ட்சர்ஃபிங் செய்ய, அதாவது பாய் கட்டிய பலகையில் காற்றால் சறுக்க, பலகையை இறக்குவதானால், மதியக் கடற்காற்றோடு நீர் ஏற்றமும் (கடல்நீர் உள்ளே வருவது) சேரும் நேரமாகப் பாருங்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, கட்டிக் கிடக்கும் படகை நம்பாதீர்கள், அதைக் காற்றும் திருப்பும். பாலத் தூணில் நுரை எந்தப் பக்கம் வால் விடுகிறது என்று கவனியுங்கள். ஆற்றுப் பக்கம் என்றால் ஏற்றம். காற்றும் நீரும் ஒரே திசையில் போவதால் அலை அடங்கியிருக்கும், விழுந்தாலும் உள்ளேதான் ஒதுங்குவீர்கள். வத்தத்தில், அதாவது நீர் வடியும் நேரத்தில், வெளியேறும் நீர் எதிர்க்காற்றில் மோதி, அலை செங்குத்தாக எழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் அதிகம்.

வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கணக்கு செல்லாது. பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் திறந்துவிட்டால், இங்கே கடலில் சேரும் கொசஸ்தலையாறு ஏற்றத்திலும் கடலுக்கே ஓடலாம். விடியற்காலைத் தரைக்காற்றிலும் வேண்டாம், கடலுக்குள் தள்ளிவிடும். திருவொற்றியூர் பக்கக் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கருங்கல் தூண்டில் வளைவுகள் இருக்கின்றன. அங்கே எந்த நேரமும் நல்ல நேரமில்லை.